கோலார் தங்கவயல்: சுரங்கக் குடியிருப்பு எப்போது ஊராயிற்று?

கேள்வி: மாரிகுப்பம் பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா குடியாத்தத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் கோலார் தங்கவயலுக்குப் போய், அங்கிருந்த ‘மைசூர்’ என்ற சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலையில் சேர்ந்து, தன் உழைப்புக் காலம் முழுவதையும் அங்கேயே கழித்தவர். என் தந்தை மாரிகுப்பத்தில் ஒரு லைன் வீட்டில் பிறந்தார். நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தேன். சென்ற ஆண்டு பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது, தாத்தாவின் தகரப்பெட்டியில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றும், மடிப்புகளில் கிழிந்துபோன சம்பளச் சீட்டு ஒன்றும் கிடைத்தன. அவற்றை முன்வைத்து எங்கள் குடும்பத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

தங்கவயலைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு செய்திகளையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பங்களாக்களும் 1885-இல் தோன்றிய கிளப்பும் குளிர்ந்த காற்றும் கொண்ட ‘குட்டி இங்கிலாந்து’ அது என்பது ஒன்று. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் என் தாத்தாவுக்கு இடமில்லை. 1880 வாக்கில் வெறும் புதர்க்காடாக இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு மேட்டு நிலத்தில் வேலைக்காகக் கூடிய மக்களின் தங்குமிடம், எந்தக் கட்டத்தில், யாருடைய முயற்சியால், ஒரு நகரமாக மாறியது? கம்பெனியே திட்டமிட்டுக் கட்டிய நகரமா அது? சுரங்கம் மூடிய பிறகும் அது கலைந்துபோகாமல் நிற்பதற்கு என்ன காரணம்?

எங்கள் வீட்டில் வழங்கிய ஒரு சொல்தான் இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. தாத்தா “ஊருக்குப் போகிறேன்” என்று சொன்னால் அது குடியாத்தம் பக்கத்தைக் குறிக்கும். அதே சொல்லை அப்பா சொன்னால் அது மாரிகுப்பத்தைக் குறிக்கும். இந்த மாற்றம் எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததா, அங்கே எல்லா வீடுகளிலும் நிகழ்ந்ததா என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: உரிகம் ஸ்டேஷன்

முதலில் ஒரு திருத்தம், தம்பி. அது வெறும் புதர்க்காடு அன்று. 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி நில அளவைப் பணிக்காக இந்தப் பக்கம் வந்தபோது, உரிகம், மாரிகுப்பம் ஆகிய கிராமங்களின் மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுப்பதை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். சுற்றிலும் பழங்காலத்துக் குழிகள் இருந்தன. ஆகவே உங்கள் தாத்தா போய்ச் சேர்ந்த மாரிகுப்பம், கம்பெனி வருவதற்கு முன்பே பெயரும் குடியும் உள்ள ஊராக இருந்தது. கம்பெனியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்து வீரர், வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு 1873-இல் மைசூர் அரசிடம் அகழ்வு உரிமம் கேட்டு விண்ணப்பித்து, பின்னர் அதைப் பெற்றார். அவரிடம் அதற்குரிய முதல் இல்லை. உரிமை கை மாறியது. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் செலவுதான் மிஞ்சியது. கையிருப்புப் பணம் தீர இருந்த வேளையில், மைசூர் சுரங்கத்தில் பழைய குழிகளுக்குக் கீழே இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தபோதுதான் ‘சாம்பியன்’ எனப் பெயர் பெற்ற தாதுப் படுகை அகப்பட்டது. பெயர் தெரியாத பழங்காலத்தவர் எங்கே தோண்டினார்களோ அங்கேயே வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி திட்டமிட்டுக் கட்டியவை அதிகாரிகளின் பங்களாக்களும், மருத்துவமனையும், ஆலைகளும், சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளான ஷாப்டுகளும்தாம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டியாலான, குனிந்து நுழைய வேண்டிய ஒற்றை அறைகள். எந்தச் சுரங்கத்தில் வேலையோ அதன் ஷாப்டைச் சுற்றியே அந்தத் தட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. ‘லைன்’ என்ற சொல் அந்த வரிசையைக் குறித்து வந்ததுதான். அதனால்தான் இன்றைக்கும் தங்கவயலுக்கு ஒரே மையம் கிடையாது. மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஷாப்டும் தனக்கென ஒரு குடியிருப்பை ஈன்றது.

இவற்றை ஒன்றாகக் கோத்தது ரயில். பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை 1894-இல் கிளைப்பாதை போடப்பட்டது. தாது அரைக்கும் இயந்திரங்களும் எரிபொருளும் வருவதற்காகப் போட்ட பாதையில், குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் மனிதர்கள் வந்து இறங்கினார்கள். பிறகு 1902-இல் மின்சாரம் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே கொண்டுவரப்பட்டு இங்கே இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905-இல்தான். மின்சாரம் சுரங்கத்துக்கு வந்ததே தவிர லைன் வீட்டுக்கு வரவில்லை. கடைத்தெருவும் சீரான சாலைகளும் கொண்ட ராபர்ட்சன்பேட்டை ஏறக்குறைய அதே காலத்தில், மைசூரில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக, இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் உருவானது. முறையாகத் திட்டமிட்டு அமைந்த பகுதி என்றால் அதைத்தான் சொல்லலாம்.

ஆனால் தெருக்கள் அமைந்ததனால் மட்டும் ஓர் இடம் ஊராகிவிடுவதில்லை என்பது என் கருத்து. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றிய முதன்மையான இடங்களுள் மாரிகுப்பமும் ஒன்று. அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டுச் சங்கம் நடத்தினார்கள், சாதி இழிவை மறுத்துப் பேசினார்கள், இரவில் படித்தார்கள். பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். பகலெல்லாம் பாறைக்குள் கிடந்தவர்கள் இதழ் நடத்திய ஊர் அது.

இந்த மக்கள்தாம் 1930-இல் ஒரு செயலைச் செய்தார்கள். தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டது. அப்போது அங்கே முறையான தொழிற்சங்கம்கூடக் கிடையாது. ஆயினும் எல்லாச் சுரங்கங்களின் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து மூன்று வாரங்கள் வேலைக்குப் போகாமல் நின்று, அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார்கள். அதுவரை மைசூர் சுரங்கத்துக்காரன், நந்திதுர்க்கம் சுரங்கத்துக்காரன் என்று பிரிந்திருந்தவர்கள் முதன்முறையாக ஓர் ஊராராக நின்ற நாட்கள் அவை. ஆண்டு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் 1930-ஐச் சொல்வேன்.

பதில் 2: பழைய சர்வேயர்

நான் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அளவைப் பிரிவில் பணிபுரிந்தவன். மேலே நண்பர் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. இந்த ஊரை வாழவைத்ததும் வாட்டியதும் ஆழம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். ஆழத்தை விளங்கிக்கொள்ளாமல் தங்கவயலின் எந்தக் கட்டமும் விளங்காது.

தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் தாதுவிலிருந்து 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. அந்த 3 கிராமுக்காகவும் நாங்கள் நிலத்துக்குக் கீழே 3,000 மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே குளிரூட்டிய காற்றைக் குழாய் வழியே செலுத்தினாலும், பணியிடம் வந்து சேர்வதற்குள் அது வெக்கையாகிவிடும். கூண்டில் இறங்கும்போது காது அடைக்கும், உடம்பில் வியர்வை வழியத் தொடங்கும். ஒரே கூண்டில் அடிவரை போய்விட முடியாது. ஒரு ஷாப்டிலிருந்து இறங்கி நடந்து, அடுத்த ஷாப்டில் ஏறிக்கொண்டு, மீண்டும் கீழே இறங்க வேண்டும்.

பாறை வெடிப்பைப் பற்றி எழுதாமல் உங்கள் குடும்ப வரலாறு முழுமை பெறாது. அந்தக் காலத்தவர் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். தாதுவை எடுத்த வெற்றிடத்தின் மீது மேலே உள்ள பாறையின் முழுப் பாரமும் அழுந்தும்போது, ஓரப் பாறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் துப்பாக்கிக் குண்டு போலத் தெறிக்கும். சிறிய வெடிப்பு என்றால் நாங்கள் ஒதுங்கி நின்றுவிட்டு வேலையைத் தொடர்வோம். பெரியது என்றால் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். அதிர்ச்சியை உணர்ந்ததும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்டு வாயிலுக்கு ஓடிவந்து, கூண்டு மேலே வரும்வரை பேச்சில்லாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாருடைய கணவர் எந்த ஆழத்தில் இருக்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இந்தத் துன்பத்திலிருந்தே ஒரு துறையும் பிறந்தது. பாறை அதிர்வை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில்தான் அமைக்கப்பட்டது.

அதே ஆழம் அறிவியலுக்கும் பயன்பட்டது. வானிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டுமே ஊடுருவி வரும் என்பதனால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன. அந்தக் கருவிகளை அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது தங்கவயல் தொழிலாளர்களின் கை.

சுரங்கம் நின்றும் ஊர் நிற்பது ஏன் என்று கேட்டீர்கள். சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசு ஏற்றது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமாயின. எடுத்த தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்க வழியில்லாமல், அதைவிடக் குறைந்த அதிகாரபூர்வ விலைக்கு ஒப்படைக்க வேண்டியிருந்த ஆண்டுகள் அவற்றில் பல. அந்தக் கணக்கைக் காட்டி ‘நட்டம்’ என்று சொன்னது நியாயமில்லை என்பதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இதற்கிடையே 1964-இல் பி.இ.எம்.எல். நிறுவனம் தோன்றி, தன் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் தொழிற்சாலையைத் தங்கவயலில் அமைத்தது. தங்கம் குறையத் தொடங்கிய ஊரில் அடுத்த தலைமுறைக்குப் பிட்டராகவும் வெல்டராகவும் டர்னராகவும் வேலை கிடைத்தது அதனால்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன் தொழிற்சாலைத் தொழிலாளியானான். தங்கவயல் தொழில் நகரம் என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டது.

பதில் 3: ஆண்டர்சன்பேட்டை ஆசிரியை

இருவரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1930-இலேயே அது ஊராகிவிட்டது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அங்கே பிறந்து, அங்கேயே முப்பது ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவள். 2001 வரை எங்கள் வாழ்க்கையில் கம்பெனி கொடுக்காத பொருள் எது என்று எண்ணிப் பார்க்கிறேன். வீடு கம்பெனியுடையது. பேத்தமங்கலத்தில் பாலாற்று ஏரியிலிருந்து வந்த தண்ணீர் கம்பெனியுடையது. விளக்கும் மருத்துவமனையும் அப்படியே. நேரத்தைக்கூடக் கம்பெனியின் சங்குதான் சொன்னது. முதல் சங்குக்கு உலை வைப்பதும், அடுத்த சங்குக்குச் சோற்றுத் தூக்கைக் கையில் கொடுப்பதும் என் அம்மாவின் நாட்கணக்கு. ஒருவரிடம் எல்லாவற்றையும் பெற்று வாழும் இடத்தைக் குடியிருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1930-ஐப் போலவே, 1946 நவம்பரில் ஆறு தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததையும் நான் மறக்கவில்லை. அவர்களுடைய நினைவிடம் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில்தான் இருக்கிறது. அந்தத் துணிவு வேறு, சொந்தக் காலில் நிற்பது வேறு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்த இடத்தில் அப்போது 4,000-க்கும் குறைவானவர்களே எஞ்சியிருந்தார்கள். மறுநாள் காலையில் சங்கு ஊதவில்லை. எங்கள் லைனில் வயதானவர்கள் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வேலைக்குப் போவதற்கு இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் காலியாகிவிடும் என்றுதான் நானும் அஞ்சினேன். அவ்வாறு நிகழவில்லை. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் சுரங்கத்துக்கு ஆள் கொண்டுவந்த அதே பாதை, இப்போது இங்கிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெங்களூரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிடலாம். வாடகை ஒரு காரணம் என்றாலும், அவர்கள் திரும்பி வருவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அம்மன் கோயிலும் மாதா கோயிலும் பௌத்த விகாரையும், தாத்தாவைப் புதைத்த மண்ணும் இங்கே இருக்கின்றன. கொடுப்பதற்குக் கம்பெனி இல்லாதபோதும் மக்கள் இங்கேயே இருப்பது என்று முடிவு செய்த அந்த ஆண்டுகளில்தான் தங்கவயல் ஊராயிற்று என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகளை நீங்கள் எழுத வேண்டும். ஒன்று சயனைடு மேடு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய கழிவைப் பல பத்தாண்டுகளாகக் கொட்டியதில், 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண் குன்றுகளாக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அழகான மணல் மலை என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆடிக் காற்றில் அந்தப் புழுதி எங்கள் சோற்றுத் தட்டில் விழும், கண் எரியும், மழை பெய்தால் ஓடைகளில் கரைந்து ஓடும். அந்தக் கழிவில் எஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்க, 13 மேடுகளுக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. வேலை வரும் என்ற நம்பிக்கையும், அசையாமல் கிடக்கும் புழுதியைக் கிளறிவிடுவார்களே என்ற அச்சமும் எங்களிடம் ஒருசேர இருக்கின்றன.

மற்றொன்று நுரையீரல். பாறைத் தூளால் வரும் சிலிகோசிஸ் நோய் தங்கவயலில் 1940-களிலேயே ஆராயப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் கழித்து, என் தந்தைக்கு ஒரு மருத்துவமனையில் காசநோய் என்றே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டினால் இழப்பீடு கேட்கும் வழியே அடைபட்டது. கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். உங்கள் தாத்தா இருமினாரா என்று பாட்டியிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: மாரிகுப்பம் பேரன்

மூவருக்கும் என் நன்றி. அம்மா, நேற்றிரவு பாட்டியிடம் கேட்டேன். தாத்தா இருமியதாகவும், கடைசிக் காலத்தில் மூன்று தலையணைகளை அடுக்கி வைத்துக்கொண்டு படுத்ததாகவும், அதைச் சுரங்கக்காரர் எல்லோருக்கும் வயதானால் வருவது என்றே வீட்டில் நினைத்திருந்ததாகவும் சொன்னார். நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏர் பிளாஸ்ட் என்றதும் பாட்டிக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தபோது அவர் தன்னையறியாமல் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பழைய சர்வேயர் ஐயாவிடம் ஒரு கேள்வி. தாத்தாவின் பெட்டியில் இருந்த பித்தளை வில்லையில் எண்ணைத் தவிர வேறு எழுத்து இல்லை. அது எதற்குப் பயன்பட்டது? வேலையிலிருந்து நிற்கும்போது அதை அவர் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா?

பதில் 4: பழைய சர்வேயர்

அது இறங்கும் ஆளின் டோக்கன், தம்பி. என் காலத்தில், கூண்டில் ஏறுவதற்கு முன் நம் எண்ணுள்ள வில்லையை வாங்கிக்கொள்வோம். மேலே வந்ததும் அதை உரிய ஆணியில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகும் ஆணி வெறுமையாக இருந்தால், அந்த எண்ணுக்குரியவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். ஏர் பிளாஸ்ட் நடந்த நாட்களில் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

வேலையிலிருந்து நிற்பவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே விதி. சிலர் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதற்கான பிடித்தத்தைக் கட்டிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கணக்கு எழுதுபவருக்கும் அது தெரியும். அவர் எதுவும் கேட்க மாட்டார். உங்களிடம் உள்ள சம்பளச் சீட்டு அவருடைய கடைசி மாதத்துக்குரியது என்றால், அதில் சிறு தொகை ஏதேனும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.